கூட்டத்து முகம்

வெயிலுமுத்துவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தத் திரையைப் பார்த்தாலும் படத்தைப் பார்க்க மாட்டான், படம் எங்கே நொண்டுகிறது என்றுதான் பார்ப்பான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தாலி கட்டுவதைப் பெரிய திரையில் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவன் மட்டும் பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிப்பான். "நிழல் கொஞ்சம் பின்னாடி வருது, கவனிச்சீங்களா அண்ணாச்சி?" அரசனூரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பதினான்கு வருஷம் கேம் சென்டர் நடத்தியவனுக்கு வேறு எப்படிக் கண் பழகும்?

அந்த சென்டரில் இருந்த பத்து கம்ப்யூட்டரும் ஆதி காலத்து உருப்படிகள். புதிதாக வருகிற கேம் எதுவும் அவற்றில் ஓடவே கூடாது. ஆனாலும் ஓடும். முத்து உட்கார்ந்து நிழலை அணைப்பான், தண்ணீரில் விழும் பிம்பத்தை அணைப்பான், தூரத்து மலையை அழிப்பான், புல்லைப் பிடுங்குவான். மெனுவில் அதற்கெல்லாம் வழி இல்லையென்றால் உள்ளே போய் செட்டிங்ஸ் ஃபைலையே திறந்து நம்பர்களை மாற்றுவான். திக்கித் திக்கி ஓடிய கேம் வெண்ணெய் மாதிரி வழுக்கும். கோவில்பட்டியிலிருந்தெல்லாம் பென் டிரைவோடு ஆள் வருவார்கள். 'முத்தண்ணன் செட்டிங்' என்றால் அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு மரியாதை.

பிறகு கேமெல்லாம் போனுக்குள் போய்விட்டது. சென்டர் காற்று வாங்கியது. முத்து சார்ஜர் விற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில்தான் ஊருக்குக் கண்பெட்டி வந்தது.

சுற்றிலும் பட்டாசு ஆலைகள். வெடித்த மருந்தில் பார்வையைப் பறிகொடுத்தவர் அரசனூரணியில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி சோதனைக்கு ஆள் தேடி வந்து, முந்நூற்றுச் சொச்சம் பேருக்குப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனது. மூக்கில் ஒரு கண்ணாடி, அதில் இரண்டு கேமரா. இடுப்பில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். கேமரா பிடித்ததை அந்தப் பெட்டி படமாக வரைந்து, பின்மண்டையில் பதித்த வில்லை வழியாக மூளைக்கு அனுப்பும். பார்ப்பதை ஆறு மாதத்துக்குப் பதிந்தும் வைத்துக்கொள்ளும். பெட்டிக்குள் யாராவது கை வைத்தால் அத்தனை பெட்டியையும் பூட்டிவிடுவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்தவர் யாரும் இல்லை, முத்துவைத் தவிர.

முதலில் மாடிப்படி ஏறி வந்தவள் சீனித்தாய். பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள். ஒரே வெடியில் புருஷன் உயிரும் தன் கண்ணும் போனபிறகு எட்டு வருஷம் தடவித் தடவியே வியாபாரம் பார்த்தவள். பிஞ்சு முற்றியிருந்தால் கேட்கிறவர் கேட்கும் முன்னால் அவளே எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவாள். பொய் சொன்னால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"மூஞ்சியெல்லாம் நடுங்குது முத்து" என்றாள். "ஒருத்தர் ரெண்டு பேருன்னாப் பரவாயில்ல. நாலு பேரு சேந்து வந்தா ஒருத்தன் மூக்கு இன்னொருத்தன் கன்னத்துல போயி ஒட்டிக்கிடுது. மெழுகு மாதிரி வழியுது. தலையைச் சுத்தி வாந்தி வந்துருது."

"கம்பெனிக்காரன் என்னக்கா சொல்றான்?"

"அடுத்த அப்டேட்டுல சரியாயிரும்னு எட்டு மாசமாச் சொல்றான். கோயில்ல ஆடிக் கொடைக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு. இடைச்சிகுளம் மாரியம்மனுக்கு வெள்ளியில கண்மலர் சாத்துறதா நேந்திருக்கேன். அந்தக் கூட்டத்துல நான் எப்படிப் போயி அவ மூஞ்சியைப் பாக்கிறது?"

முத்து பெட்டியைத் தன் கம்ப்யூட்டரில் சொருகினான். ஐந்து நிமிஷம் நோண்டிவிட்டுச் சிரித்தான்.

"உள்ள இருக்கிறது கேம் எஞ்சின்க்கா."

"என்னது?"

"கேம் ஓட்டுற அதே சாமான். கேமரா பாத்ததை அப்படியே அனுப்பல, இது ஒரு தடவை வரைஞ்சு அனுப்புது. வரையிற சிப் சின்னது. சுவரு, ரோடு, பஸ்ஸெல்லாம் சுளுவா வரைஞ்சிரும். மூஞ்சி வரையிறதுதான் பெரும்பாடு. நாலஞ்சு மூஞ்சியை ஒரே நேரத்துல கேட்டா மூச்சு முட்டுது."

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாதா?"

"அதெப்படி முடியாமப் போகும்? கேம்ல ஒரு தெருவுல நூறு பேரு நடப்பான். நூறு மூஞ்சியா வரையிறான்? பன்னெண்டு மூஞ்சி வெச்சிருப்பான். அதையே சட்டையை மாத்தி மாத்தி நடக்க விடுவான். ஆடுறவனுக்குத் தெரியவே தெரியாது. ஓரமாப் போறவன் மூஞ்சியை எவன் பாக்கப் போறான்?"

நிழலை அணைத்தான். கண்ணாடிச் சன்னல்களின் பளபளப்பை அணைத்தான். கடைசியாகக் கூட்டத்துக்கு வந்தான். இருபது அடிக்கு அப்பால் தெரியாத முகம் வந்தால் புதிதாக வரையாதே, உன்னிடம் ஏற்கனவே இருக்கிற முகங்களில் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்து ஒட்டிவிடு என்று ஒரு வரி அந்த ஃபைலில் இருந்தது. எவ்வளவு பொருந்த வேண்டும் என்பதற்குக் கம்பெனி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று வைத்திருந்தது. அந்தக் கண்டிப்பில் எந்த முகமும் பொருந்தாது, அந்த வரி இருந்தும் இல்லாததுதான். முத்து அதை நாற்பத்தைந்து ஆக்கினான்.

அவளை மாடி வராண்டாவுக்கு அழைத்துப் போய்க் கீழே பஸ் ஸ்டாண்டைக் காட்டினான். பள்ளிக்கூடம் விட்ட நேரம், ஜே ஜே என்று கூட்டம். சீனித்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

"நடுங்கல முத்து" என்றாள். கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. "எல்லாரும் தெளிவா இருக்காக. எல்லாரும் நம்ம மனுசங்க மாதிரி இருக்காக."

கொடை முடிந்து திருநீறு கொண்டுவந்து அவன் நெற்றியில் பூசினாள். அம்மன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டான். எங்க ஆத்தா முகம் மாதிரியே இருந்துச்சு என்றாள். முத்துவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்றைக்கே அந்த ஃபைலைப் பெட்டிக்காரர்களின் குரூப்பில் போட்டான். ஒரு வாரத்தில் முந்நூறு பேருக்கும் நடுக்கம் நின்றது. ஃபைலின் தலையில் தன் பெயரைப் போட மறக்கவில்லை.

இரண்டு வருஷம் இப்படியே போனது. போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்கு, பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் ஜோசப்பை எவனோ குத்திக் கொன்றுவிட்டு ஓடினான். பட்டப்பகலில், நூறு பேர் நடுவில். அந்த நூறு பேரும் போலீஸ் வந்தபோது தலையைச் சொறிந்தார்கள். ஒருத்திதான் கூடையை அங்கேயே போட்டுவிட்டுத் தானாக நடந்து ஸ்டேஷனுக்குப் போனாள்.

"குத்தினது என் தம்பி காளிராசு. நான் கண்ணால பாத்தேன்" என்றாள் சீனித்தாய்.

காளிராஜ் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவன். அன்றைக்கு ஊருக்கு வெளியே புது வீடு ஒன்றில் தனியாகச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. போன வருஷம் பஸ் ஸ்டாண்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஜோசப்போடு அவனுக்கு வாய்த்தகராறு வந்திருந்தது. அது போதாதா? கையில் சுண்ணாம்போடு ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவன் அக்காவைப் பார்த்து, "நான் இல்லக்கா" என்றான். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் தூக்கி வளர்த்த தம்பி. சொந்தத் தம்பியையே காட்டிக்கொடுக்கிறாள் என்றால் அது பொய்யாகவா இருக்கும் என்று ஊர் பேசியது. தம்பி பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

கண்பெட்டியில் பதிவும் இருந்தது. சாட்சி மாறலாம், பெட்டி மாறாது என்று அரசு வக்கீல் சொன்னாராம். எப்படியோ அந்தப் பதிவு வெளியே கசிந்து, விசாரணைக்கு நான்கு நாள் முன்னால் முத்துவின் போனுக்கும் வந்தது.

பதினெட்டு வினாடிப் படம். கத்தி, ஓட்டம், காளிராஜின் முகம் பளிச்சென்று. ஊரே முகத்தைப் பார்த்தது. முத்து, பழக்க தோஷம், படம் எங்கே நொண்டுகிறது என்று பார்த்தான்.

வெயில் கிழக்கிலிருந்து அடித்தது. ஜோசப்பின் சட்டை மடிப்பில் ஒளி இடது பக்கம் விழுந்தது. குத்தியவன் கழுத்திலும் இடது பக்கம். முகத்தில் மட்டும் வலது பக்கம். அது வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எப்போதோ பார்த்த முகம். கொலை செய்கிறவன் முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. லேசாகச் சிரித்துக்கொண்டுகூட இருந்தது.

முத்து படத்தை நிறுத்தி ஓரங்களைப் பெரிதாக்கினான். பழக்கடை பக்கத்தில் நின்ற மூன்று பேருக்கும் ஒரே முகம். நாலாவதாக வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தவனை அவனுக்கு நன்றாகத் தெரியும். அது சீனித்தாயின் புருஷன் அய்யாக்குட்டி. அவர் செத்துப் பத்து வருஷம் ஆகிறது.

இரண்டு நாள் முத்து சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் பெட்டியில் கை வைத்ததற்கு உள்ளே போக வேண்டும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். கம்பெனி முந்நூறு பெட்டியையும் பூட்டிவிடுமே. சன்னல் வழியே பார்த்தால், கண்பெட்டி போட்ட செல்வராணி டீச்சர் பிள்ளைகளை வரிசையாக ரோட்டைக் கடக்க வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் காளிராஜுக்கு ஆயுள் முழுக்க ஜெயில். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் போட்ட நாற்பத்தைந்துதான் நின்றது. மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

சீனித்தாய் வழக்கமான தூணடியில்தான் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னான்.  அவன் முடித்தபிறகும் எதிரே நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ குத்துனது யாரு?"

"தெரியலக்கா. எவனோ. காளிராஜ் சாடையில இருந்திருக்கான். பெட்டிகிட்ட இருந்ததுலயே கிட்டத்துல பொருந்துன மூஞ்சி அவனோடது. எடுத்து ஒட்டிருச்சு."

"அம்மன் மூஞ்சி?"

முத்து தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஆத்தாவின் போட்டோவையும் புருஷனின் போட்டோவையும் பெட்டிக்குள் ஏற்றிக்கொடுத்ததே அவன்தான்.

"ரெண்டு வருசம்" என்றாள். "இந்த ரெண்டு வருசமா நான் பாத்ததுல எது நெசம், எது நீ போட்டது?"

"இருபது அடிக்குள்ள வந்தா நெசம்தான்க்கா."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. "அதான் கிட்டப் போனா இருக்க மாட்டாரு" என்றாள்.

"யாரு?"

"உங்க மாமாதான். இந்தத் தூணடியில இருந்து பாத்தா, சில நாளு அந்தப் பழக்கடைப் பக்கம் நிப்பாரு. மதுரை பஸ்ஸுல இருந்து இறங்குவாரு. எந்திரிச்சுக் கிட்டப் போனா வேற யாரோவா இருக்கும். யார்கிட்டயும் சொல்லல முத்து. சொன்னா பைத்தியம்னு பெட்டியைப் பிடுங்கிருவாகளோன்னு பயம். மழையோ வெயிலோ, இந்த இடத்தை விட்டு நான் மாறலையே, எதுக்குன்னு நெனச்ச? வியாபாரத்துக்கா?"

முத்துவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சின்ன வயதில் ஆத்தாவிடம் வாங்கிய அடியைவிட வலித்தது.

"இப்ப நிக்கிறாரா?" என்று மட்டும் கேட்டான்.

அவள் பழக்கடைப் பக்கம் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த பெட்டியை அவிழ்த்து அவன் கையில் வைத்தாள்.

"நீ போட்டதை அணைச்சிரு."

"அக்கா, அணைச்சா மறுபடி எல்லாம் நடுங்கும்."

"நடுங்கட்டும். என் தம்பி உள்ள கெடக்கான். அணைச்சிட்டு என்னைக் கூட்டிட்டுப் போ."

அன்று மதியமே போனார்கள். வழக்கை நடத்துகிறவர் இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா. கத்திப் பேசாதவர், யாரையும் நிற்க வைத்துப் பேசாதவர் என்று பெயர் எடுத்தவர். இருவரையும் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அறைக்குள் வந்ததிலிருந்து சீனித்தாய் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு இன்ஸ்பெக்டர், ரைட்டர், வாசல் போலீஸ் எல்லாருடைய முகமும் உருகி வழிந்துகொண்டிருந்தது.

முத்து லேப்டாப்பில் அந்த ஃபைலைத் திறந்து நாற்பத்தைந்தைக் காட்டினான். வெயில் விழும் பக்கத்தைக் காட்டினான். ஒரே முகம் உள்ள மூன்று பேரைக் காட்டினான். செத்துப்போன அய்யாக்குட்டியையும், அவருடைய இறப்புச் சான்றிதழையும் காட்டினான்.

"இந்த நாற்பத்தைந்தைப் போட்டது நான் மேடம். எழுதிக் கொடுக்கிறேன். என்னைப் பிடிச்சு உள்ள வைங்க. காளிராஜை விட்டுருங்க."

ஜெசிந்தா படத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். ஆள் குழம்பியிருந்தார் என்பது அவர் பேனாவை மூடி மூடித் திறந்ததிலேயே தெரிந்தது. முத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த அம்மா நியாயமான மனுஷி, கேட்டுவிடுவார் என்று நினைத்தான்.

அப்போதுதான் சீனித்தாய் மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், ஒரு சந்தேகம். இங்க எல்லார் மூஞ்சியும் எனக்கு நடுங்குது. சுவத்துல அந்த டிவியில ஓடுற மூஞ்சி மட்டும் ஒண்ணுகூட நடுங்கலையே, அது எப்படி?"

சுவரில் பெரிய திரை இருந்தது. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், தேரடி என்று பதினாறு கேமராக்களின் படம் கட்டம் கட்டமாக ஓடியது.

"அது தெருக் கேமராம்மா, உங்க பெட்டிக் கம்பெனிதான் போட்டுச்சு" என்றார் ஜெசிந்தா. "முன்னாடி கூட்டம் வந்தா மூஞ்சியெல்லாம் அப்பி, யாரு எவருன்னு தெரியாது. ஜோசப் கேஸுலயும் அப்படித்தான், ஒண்ணும் தெரியல. அதுக்கப்புறந்தான் மெயின்டனன்ஸ் பாக்கிறவர் எங்கேயோ இருந்து ஒரு செட்டிங் வாங்கிப் போட்டாரு. ஏழு மாசமாச்சு, ஒரு குறையும் இல்ல. உங்க கண்ணாடி அதை அப்படியே படமா எடுத்துக்குது போல."

முத்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனான். யாரும் தடுக்கவில்லை. தேரடியில் வெயில் இடது பக்கம் அடித்தது. நடந்து போகிறவர்களின் முகத்தில் வலது பக்கம் வெளிச்சமாக இருந்தது. எல்லா முகமும் நேராக, விறைப்பாக, சுவரோரம் நிற்க வைத்துப் போட்டோ எடுத்த மாதிரி இருந்தது. பூ வாங்குகிறவனும் அப்படி. சைக்கிள் தள்ளுகிறவனும் அப்படி. 

"மேடம், இந்தக் கேமராவுக்குத் தெரிஞ்ச மூஞ்சி யாரு யாரு?"

"எங்க லிஸ்ட்ல இருக்கிறவங்கதான். பழைய கேஸ், சந்தேகக் கேஸ். ஒரு எழுநூறு பேரு இருப்பாங்க."

"அப்போ ஊர்ல எவன் என்ன தப்புப் பண்ணாலும், அந்த எழுநூறு பேர்ல ஒருத்தன் மூஞ்சிதான் மேடம் இதுல வரும். இதுவும் என் செட்டிங்தான். வேணும்னா அந்த ஃபைலைத் திறந்து பாருங்க, தலையில என் பேர் இருக்கும்."

 ரைட்டர் டைப் அடிப்பதை நிறுத்தினார். ஜெசிந்தா பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"ஏழு மாசத்துல இந்தக் கேமராவை வெச்சு முப்பத்தெட்டு பேரைப் பிடிச்சிருக்கோம்" என்றார். குரல் மாறவில்லை. "இருபத்தொரு பேருக்குத் தண்டனை ஆயிருச்சு. அதுல ஒருத்தன் ஜெயில்லயே தூக்குப் போட்டுக்கிட்டான். நீங்க சொல்றது என்னன்னு உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது மேடம். அதான் வந்தேன்."

"சரி. உங்க வாக்குமூலத்தை வாங்கிக்கறேன். மோகன், இவர் பேர், விலாசம் எடுத்துக்குங்க. பெட்டியில கை வெச்சது கேஸ். ஒரு போட்டோ எடுத்து லிஸ்ட்ல ஏத்திருங்க."

ரைட்டர் மோகன் அவனைச் சுவரோரம் நிற்க வைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தார். பெயர், தகப்பன் பெயர், வயது கேட்டு அடித்தார். என்டர் பட்டனைத் தட்டினார். முத்துவுக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. எப்படியோ எழுத்தில் ஏறிவிட்டது, இனிமேல் காளிராஜ் வெளியே வந்துவிடுவான். சீனித்தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

திரையில் பஸ் ஸ்டாண்டுக் கட்டத்தில் விளாத்திகுளம் பஸ் வந்து நின்றது. கடைசியாக இறங்கிய ஒருவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த கிழவரின் காலடியில் இருந்த பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சாவகாசமாக நடந்தான். திரையில் அவன் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் விழுந்தது. கீழே எழுத்து ஓடியது. வெயிலுமுத்து, த/பெ சுடலைமணி, வயது முப்பத்தொன்பது, நேரம் மதியம் இரண்டு பத்து.

"மேடம், அங்க பாருங்க" என்று முத்து எழுந்துவிட்டான்.  இதைவிட நல்ல ஆதாரம் எங்கே கிடைக்கும்? "பாருங்க மேடம். அது நான். நான் இங்க உங்க முன்னாடி இருக்கேன்."

ஜெசிந்தா திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிவதை முத்து கண்ணால் பார்த்தான். அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தெட்டு பேரும், தூக்கில் தொங்கியவனும், அவர் வாங்கிய பாராட்டுச் சான்றிதழும் அவர் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும்.

அவர் எழுந்து போய்த் திரையை அணைத்தார். வாசல் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, லேப்டாப்பை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மோகன், இவங்க ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வந்ததை ரிஜிஸ்டர்ல எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

"எழுத வேண்டாம். அந்த வாக்குமூலத்தையும் எடுத்துருங்க. போட்டோ லிஸ்ட்ல இருக்கட்டும்."

முத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இனி பதிவுப்படி பஸ் ஸ்டாண்டில் பையைத் தூக்கியவன் அவன்தான். மதியம் இரண்டு பத்துக்கு அவன் எங்கே இருந்தான் என்று சொல்ல இந்த அறைக்கு வெளியே ஒரு ஜீவன் இல்லை.

சீனித்தாய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உருகி வழிகிற முகத்தைப் பார்க்க மாட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் சொல்லுவேன் மேடம். எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்லுவேன். முத்து என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். நான் பாத்தேன்."

ஜெசிந்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லாமல், ஒரு நோயாளியிடம் பேசுகிற மாதிரி கேட்டார்.

"எதால பாத்தீங்கம்மா?"